பன்றி ரூபாய்க்கு விலை கேட்கப் போய்...

பழைய நாணயத்துக்கு மதிப்புக் கேட்கப் போகிறீர்களா? பாலீஷ் துணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வயிறு எரிந்து சொல்கிறேன்.

பெரியப்பாவின் தகர டப்பாவில் இருந்தவை பெரும்பாலும் விக்டோரியா, ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள். அவற்றைத் தரம் பிரிப்பதில் சிக்கலில்லை. சிக்கல் 1911 ரூபாயில்தான். ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் ஆரத்தில் யானையின் தும்பிக்கை குட்டையாகி, பன்றிபோல் இருக்கிறதென்று எதிர்ப்புக் கிளம்பியது. அரசு அதைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. அந்தக் கதையால்தான் இவ்வளவு கிராக்கி. எங்களுடையதில் அந்தக் குட்டி யானை தேயாமல் இருந்தது. நாணயத்தைச் சாய்த்தால் வெளிச்சம் வட்டமாக ஓடும்.

முதலில் நகைக்கடை. வீண் அலைச்சல். தராசு 11.66 கிராம் காட்டியதும், "ஒரு தோலா வெள்ளி" என்று அன்றைய வெள்ளி விலையைச் சொல்லி முடித்துவிட்டார். எடை சரிபார்க்க மட்டும் அங்கே போகலாம்.

அடுத்தவர் நாணய வியாபாரி. "அழுக்கேறியிருக்கிறதே சார்" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் அரசரின் கன்னத்தில் துணியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். அது அழுக்கா? நூறாண்டுக் கருமை ஐயா! லென்ஸில் பார்த்தால் கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். பிறகு அதே வாயால், கூச்சமே இல்லாமல், "துடைத்த காசு சார், பாதி விலைதான் போகும்" என்றார்.

வெளிநாட்டில் தரச்சான்று வாங்கி ஸ்லாப் (முத்திரையிட்ட பிளாஸ்டிக் பேழை) போட்டுவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் வந்தார். நாணயத் தரத்துக்கு எண் போடும் 70 புள்ளி அளவுகோலைப் பற்றி நீளமாகப் பேசினார். துடைத்த நாணயத்துக்குப் பெரும்பாலும் எண் தராமல் 'டீட்டெய்ல்ஸ்' என்று எழுதி அடைத்துவிடுவார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய வில்லங்கம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கேட்டால், "நினைவுப்பொருள் என்று எழுதிவிடலாம்" என்கிறார். மாட்டினால் கம்பி எண்ணப்போவது நான்தானே?

கடைசியில் ஒரு நாணயக் கண்காட்சியில்தான் விடிந்தது. அங்கிருந்த பெரியவர் விளிம்பை மட்டும் பிடித்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏயு தரத்தில், அதாவது கிட்டத்தட்டப் புழங்காத நிலையில் இருந்திருக்கும். இனி அதற்கு அடுத்த கீழ்த்தரமான எக்ஸ்எஃப் விலைக்குமேல் எதிர்பார்க்காதீர்கள்" என்றார். பழைய ஏலப் பட்டியல்களை எடுத்து, விற்று முடிந்த விலைகளையும் காட்டினார். இணையத்தில் லட்சம் லட்சமாகப் போட்டிருப்பதெல்லாம் கேட்கும் விலை. யாரும் கொடுத்த விலை அல்ல. பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சைப் பிசுக்கு பிடிக்கும் என்று அட்டை உறைகளும் தந்தார்.

சில நாள் கழித்து, துடைத்த மகானே போன் செய்தார். முன்பு சொன்னதைப்போல் இரட்டிப்பு தருகிறாராம். "துடைத்த காசாயிற்றே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.