முப்பத்தைந்து மீட்டர்

பிப்ரவரி 17
கிரவுண்டுக்கு ஜேசிபி வந்துவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் பழைய மண் டிராக்கில் இரண்டாவது வளைவே இல்லை, மண்ணாகக் குவிந்து கிடக்கிறது. இனி சிந்தெடிக் டிராக்! 400 மீட்டர், எட்டு லேன். ஐந்து வருஷமாகக் கேட்டது. இன்று தூங்க மாட்டேன்.

பிப்ரவரி 26
முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி குறையவில்லை.

மார்ச் 2
எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். டிராக் மே மாதம் முடியுமாம். மே மாதத்தோடு என் படிப்பும் முடிகிறது. திரும்பத் திரும்ப நாளை எண்ணிப் பார்க்கிறேன்.

மார்ச் 8
குடியாத்தம் வந்தேன். தெருவில் தறிச் சத்தம். வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் சரியாக 35 மீட்டர் இருக்கும். நான் ஓடும் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு ஹர்டிலுக்கும் (தாண்டும் தடைக்கும்) அடுத்ததுக்கும் அவ்வளவுதான் தூரம். ஓடினால் எனக்குப் பதினேழு காலடி. இன்று அதை நடந்தேன்.

மார்ச் 15
மார்க்கர் ஐயா கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, கால் எப்படி இருக்குது?" என்றார். இத்தனை வருஷமும் கயிறு பிடித்து, ஆணி அடித்து, சுண்ணாம்பு போட்டவர் அவர்தான். மழை பெய்தால் அழிந்துவிடும், மறுபடி போடுவார். வெளி லேனில் சுற்று நீளம், அதனால் 400 மீட்டருக்கு இரண்டாவது லேன் 7.04 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு லேனுக்கும் 7.67. தாளைப் பார்க்காமல் சொல்வார். தொடக்கத்திலிருந்து முதல் ஹர்டிலுக்கு 45 மீட்டர், இடையில் 35, கடைசி ஹர்டிலிலிருந்து முடிவுக்கு 40. நான் இதையெல்லாம் படித்தது அவரிடம்தான். இனிமேல் கோடெல்லாம் பெயின்ட். "நல்லதுதாம்மா" என்றார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

மார்ச் 29
ஜல்லி முடிந்து தார் போட்டாகிவிட்டது. தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்தார்கள். முதல் வளைவில் ஒரு இடத்தில் தேங்கியது. அதைச் சரிசெய்த பிறகுதான் மேலே சிவப்பு சிந்தெடிக் வருமாம், 13 மில்லிமீட்டர் கனம்.

ஏப்ரல் 6
எட்டு லேன் வருகிறது. பெண்கள் உடை மாற்ற ஒரு அறை வரவில்லை. இன்றும் ஜூனியர் பிள்ளைகள் சாமான் அறையில் ஷட்டரை இறக்கிவிட்டு, போன் வெளிச்சத்தில் மாற்றினார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும் வரைக்கும் போய்க் கேட்பேன்.

ஏப்ரல் 14
அப்பா போனில், "சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வாங்கலையா? அப்போ உங்க டிராக் இருந்துச்சா?" என்றார். பளு தூக்க ஒரு கூடம் போதும்ப்பா. ஹர்டிலுக்கு 400 மீட்டர் தரை வேண்டும். பி.டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஹர்டிலில் 55.42 விநாடி. 39 வருஷம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வித்யா ராம்ராஜ் அதே 55.42. கோயம்புத்தூர்ப் பெண். நம் பக்கத்திலும் ஒருத்தி வரட்டும்.

ஏப்ரல் 20
புல்லில் மெதுவாகப் பத்து நிமிஷம் ஓடினேன். வலி இல்லை. வலி இல்லை!

மே 4
இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம், பார்த்தால் மழை. ஈரத்தில் சிவப்பு ஊற்றக் கூடாது. வேலை நின்றுவிட்டது. எனக்கு இன்னும் மூன்று பரீட்சை.

மே 7
மழை.

மே 11
ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். அறையைப் பற்றி மறுபடி கேட்டேன். அடுத்த வருஷத் திட்டத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன்.

மே 15
ஸ்பைக் ஷூவுக்கு அடியில் மாட்டும் 6 மில்லிமீட்டர் முள் வாங்கினேன். மண்ணுக்குப் போட்ட 9 மில்லிமீட்டர் முள்ளைக் கழற்றினேன், இரண்டு துருப்பிடித்து வரவில்லை. நாளைக் காலை மார்க்கர் ஐயாவிடம் குறடு கேட்க வேண்டும்.