அப்பாவும் ஏழு நாள் சென்னையும்

மார்ச் 2, 2025, ஞாயிறு

காலையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த அப்பாவைத் தாம்பரத்தில் இறக்கிச் சைதாப்பேட்டை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஒரு மஞ்சள் பை, ஒரு தோள்பை, ஒரு பனைவெல்லப் பொட்டலம். அம்மா வரவில்லை. ஆச்சியைத் தனியாக விட முடியாது. அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அப்பா வந்ததெல்லாம் ஒரு கல்யாணம், ஒரு கண் பரிசோதனை, இரண்டே தடவை. இரண்டு தடவையும் மறுநாளே கிளம்பிவிட்டார். "அங்கன நமக்கு என்ன இருக்கு?" என்பார்.

வாரத்துக்குத் திட்டம் போடும்போது முதலில் விடுமுறை நாட்களைத்தான் குறித்துக்கொண்டேன். எழும்பூர் மியூசியமும் கோட்டை மியூசியமும் வெள்ளிக்கிழமை கிடையாது. கலங்கரை விளக்கம் திங்கள் மூடியிருக்கும். கிண்டி பூங்கா செவ்வாய் மூடல். வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டி வருபவர்கள் இதைப் பார்க்காமல் கிளம்பினால் பூட்டிய கேட் முன்னால்தான் நிற்க வேண்டும்.

சாயங்காலம் மெரினா. உழைப்பாளர் சிலை முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. நான்கு பேர் சேர்ந்து பாறையை நெம்புகிறார்கள். அப்பா அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால் விரல்களைப் பார்த்தார். "பாத்தியாட்டி, விரல் மண்ணுல எப்படி ஊனியிருக்குன்னு." அதன் பிறகு தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். அலை வரைக்கும் மணலில் நடக்க அவருக்கு மூச்சு வாங்கியது, பாதியில் உட்கார்ந்துவிட்டோம்.

மார்ச் 3, திங்கள்

காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறந்தது. தமிழ்ப் பகுதியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மேசையில் ஆறு புத்தகம் அடுக்கி வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களில் ஒரு பையன் ஏதோ இலக்கணச் சந்தேகம் கேட்டிருக்கிறான், முப்பத்தைந்து வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவரிடம். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழுந்தார்.

மாலையில் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலில் புன்னை மரத்தடியில் மயில் வடிவில் அம்பாள் பூசை செய்யும் சன்னிதி அவருக்குப் பிடித்தது. பழைய கோயில் கடற்கரையில் இருந்து போய்விட்டது, இது பிறகு கட்டியது என்று சொன்னேன். "சம்பந்தர் பாடுனது அதைத்தான்" என்றார். அவருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா!

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய நாளைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் நேராகப் போய்விடலாம். அங்கிருந்து பாந்தியன் சாலை நடைதூரம்தான். 1851இல் தொடங்கிய மியூசியம், பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக டைனோசர் பொம்மையை நோக்கி ஓடினார்கள். நாங்கள் முதலில் வெண்கலக் கூடத்துக்குப் போனோம். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். அர்த்தநாரியைச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்று எப்போதும் எல்லோரிடமும் சொல்வேன். ஆண் பாதியின் இடுப்பும் பெண் பாதியின் இடுப்பும் எந்த இடத்தில் மாறுகின்றன என்று கண்ணால் பிடிக்க முடியாது. அப்பா ஒரு கும்பிடு போட்டார். மியூசியம் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை.

அப்புறம் மானுடவியல் பகுதி. அங்கே என்ன இருக்கிறது என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் துருவேறிய வாள், வேல்முனை, பெரிய தாழி. அட்டையைப் படித்தார். ஆதிச்சநல்லூர், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய புதைகாடு. திரும்பி என்னைப் பார்த்தார்.

எங்கள் அத்தை வீடு கருங்குளத்தில். அப்பா சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே போனால் ஆதிச்சநல்லூர் பரம்பு மேட்டில்தான் விளையாட்டாம். மழை பெய்து மண் அரித்தால் தாழியின் வாய் வட்டம் வட்டமாகத் தெரியும். அதில் கால் வைக்கக் கூடாது, உள்ளே ஆள் இருக்கிறது என்று பெரியவர்கள் விரட்டுவார்களாம். உடைந்த ஓட்டை எடுத்து வந்து பாண்டி விளையாடியதற்கு அவருடைய ஆச்சி அடித்துத் திருப்பிப் போட்டுவிட்டு வரச் சொன்னதை இருபது தடவையாவது கேட்டிருக்கிறேன். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899லிருந்து தோண்டி எடுத்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் 1876இல் ஜாகோர் என்பவர் தோண்டிக் கொண்டுபோனது பெர்லினுக்குப் போய்விட்டது. பரம்பிலேயே 2023இல் கண்ணாடித் தரை போட்டு, தோண்டிய குழியை அப்படியே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அப்பா அங்கே போயிருக்கிறார். ஆனால் ரீ எடுத்தவற்றை இன்றுதான் பார்க்கிறார்.

வெண்கலத்தில் ஒரு எருமை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கொம்பு இரண்டும் பின்னுக்கு வளைந்து, நுனி ஒன்றையொன்று பார்க்கிறது. உடம்பைவிடக் கொம்புக்குத்தான் அந்தக் கொல்லன் அதிக நேரம் எடுத்திருக்க வேண்டும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூச்சுக்காற்றில் பெட்டியின் கண்ணாடி மங்கியது, துண்டால் துடைத்தார், மறுபடி குனிந்தார். "இது ஆத்துல படுத்துக் கெடக்கிற எருமைட்டி" என்றார். "தலையத் தூக்கியிருக்கு பாரு. தண்ணிக்குள்ள கெடக்கும்போதுதான் இப்படித் தூக்கும்." தாமிரபரணியில் தினமும் பார்த்தவர் சொல்கிறார். அட்டையில் அப்படி எதுவும் எழுதவில்லை. நான் நாலைந்து தடவை வந்து வெண்கல எருமை என்று பார்த்துவிட்டுப் போனவள்தான், எனக்கும் அது தோன்றவில்லை.

அட்டைகளில் இன்னும் கொஞ்சம் எழுதலாம், விளக்கும் இன்னும் நன்றாகப் போடலாம். எவ்வளவு பெரிய செல்வம் அது! பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்றுகூடப் பார்க்காமல் ஓடியபோது எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

மார்ச் 5, புதன்

அப்பாவுக்குக் கால் வலி. பகல் முழுக்க வீட்டில். வெயில் தாழ்ந்த பிறகு கிண்டி காந்தி மண்டபம் வரை மட்டும் போனோம். வ.உ.சி. நினைவாக அங்கே செக்கு வைத்திருக்கிறார்கள். சிறையிலிருந்து 1912 கடைசியில் வெளியே வந்தபோது அவருக்கு வக்கீல் தொழில் உரிமமும் இல்லை, கப்பலும் இல்லை. இதே சென்னையில் சின்னச் சின்னக் கடை வைத்துப் பிழைத்தார். ஒட்டப்பிடாரத்துக்காரர். அப்பா அந்தச் செக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பும் வழி முழுக்கப் பேசவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

கோட்டை ஸ்டேஷனில் இறங்கி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு நடந்தோம். தலைமைச் செயலகம் இருக்கும் இடம் என்பதால் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே 1680இல் கட்டி முடித்த மரியாள் தேவாலயம். கிளைவ் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது மியூசியத்தில் இருக்கும் கொடி. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டைக் கம்பத்தில் ஏறிய பட்டுக்கொடி. வெளிச்சம் பட்டால் நைந்துவிடும் என்று மங்கலான அறையில் வைத்திருக்கிறார்கள். கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

மாலையில் பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் அத்தோ. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் கடையையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. தடித்த நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். நான்காம் வகுப்பில் அப்பாவோடு ஒரு பையன் படித்தானாம், ரங்கூனிலிருந்து வந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் எழுதத் தெரியாது. மத்தியானம் தூக்குவாளியில் அவன் கொண்டுவரும் சாப்பாட்டில் ஏதோ ஒரு வாசனை வருமாம், என்ன என்று அப்பாவுக்குத் தெரியவே இல்லை. "இதுதான் அது" என்று சூப்புக் கிண்ணத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு சொன்னார்.

திரும்பும்போது நான் பார்க்காமல் வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், ஒரு மணி நேரம் வீண். எனக்கு மகளிர் இலவச டிக்கெட், அவருக்கு மட்டும் காசு. "பொம்பளப் பிள்ளைக எத்தனை பேரு தைரியமா ஏறிப் போகுது பாரு" என்று அதையும் சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டு வந்தார்.

மார்ச் 7, வெள்ளி

திருவல்லிக்கேணி. முதலில் பாரதியார் இல்லம். எட்டயபுரத்து வீட்டை அப்பா பலமுறை பார்த்திருக்கிறார், பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார். கடைசியாக இருந்த வீட்டை இப்போதுதான் பார்க்கிறார். பக்கத்தில் பார்த்தசாரதி கோயில். அங்கே யானை பாரதியைத் தள்ளியது 1921இல், அதே வருடம் செப்டம்பரில் காலமானார். முப்பத்தெட்டு வயதுதான். அப்பா வாசலிலிருந்து கோயில் கோபுரம் வரை நடந்து, எத்தனை எட்டு என்று எண்ணினார். ஏன் என்று கேட்கவில்லை. எண்ணிக்கையையும் சொல்லவில்லை.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு வாலாஜா பெரிய பள்ளிவாசல். 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டியது. கட்டிய ஆண்டு பொதிந்து வரும்படி பாரசீகத்தில் வரி எழுதிக் கல்லில் பதித்திருக்கிறார்கள், எழுதியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்ற இந்துப் புலவர். இந்தப் பள்ளிவாசலுக்கு ரமலானில் மாலைதோறும் சைவ உணவு வருகிறது. சமைப்பதும் பரிமாறுவதும் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த ஒருவர் தொடங்கியது, பல பத்தாண்டுகளாக நிற்கவில்லை. தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வாளியும் கரண்டியுமாகச் சுறுசுறுப்பாக வரிசைகளுக்கு நடுவே போனார்கள். வெளியிலேயே நிற்கலாம் என்று நினைத்தோம். வயதான ஒருவர் அப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்து நோன்புக் கஞ்சி கொடுத்தார். "எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். "ஸ்ரீவைகுண்டம்." "அப்ப காயல்பட்டினம் பக்கத்துலதானே, நம்ம மருமகன் ஊரு!" அப்புறம் இரண்டு பேரும் தாமிரபரணியில் இந்த வருடத் தண்ணீர் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன். இஞ்சி பூண்டு வாசனை, அரிசி நன்றாகக் குழைந்திருந்தது.

மார்ச் 8, சனி

மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக் குஞ்சு விடுவதைப் பார்க்கப் போனோம். சிற்றாமை என்றும் பங்குனி ஆமை என்றும் சொல்வது. ஒரு தாய் ஆமை நூறு முட்டை போல இடும், பொரிய ஒன்றரை மாதம் ஆகும். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நகரும். முன்காலத்தில் இரவில் கடல்தான் வெளிச்சம். இப்போது தெருவிளக்கு. கடலை விட்டு ரோட்டுக்குப் போய்ச் சாகும். அதனால்தான் மாணவர்கள் 1988லிருந்து இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். இந்த ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகு இந்தப் பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டினால் வர முடியாது.

கூடையைச் சாய்த்ததும் ஈர மணலில் இறங்கின. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. முன் துடுப்பு இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, நாலு எட்டு, நிற்பது, மறுபடி நாலு எட்டு. ஒன்றை அலை வந்து திருப்பிப் போட்டது. எங்கள் கை போய்விடாமல் தன்னார்வலர் தடுத்தார், தானே புரண்டுவிடும் என்றார். புரண்டது. அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார், கால் வலியெல்லாம் மறந்து. அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, போனை மணலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஆச்சியின் குரல்: "தள்ளிப் பிடி, தெரியல!"

வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது கேட்டார், நாளை ஞாயிறு மியூசியம் உண்டா என்று. உண்டு என்றேன். நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரிதான், எழும்பூரிலிருந்துதான். அந்த எருமையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ரயில் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். பையைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.