பேக்கரி பசங்களுக்கு, போன் பொண்ணுகளுக்கு

"இந்தக் காலத்துப் பிள்ளைக எந்நேரமும் போன்லயே கூட்டாளி புடிக்குதுக"ன்னு கோபிச்செட்டிபாளையம் பக்கம் பேசாத வீடு இல்லைங்க. எனக்கு அதுல பாதிதான் ஒப்புதல்.

நம்ம ஊர்ல பசங்க சாயந்திரமானா பேக்கரியில ஒரு டீயைச் சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் பேசலாம், யாரும் கேட்க மாட்டாங்க. பொண்ணுக? பள்ளிக்கூட பஸ் இறக்கிவிட்டா நேரா வீடு. தோட்டத்து வீடுன்னா பக்கத்துல பேச ஒரு ஆளும் கிடையாது. என் அக்கா பொண்ணுக்கு அந்த வாட்ஸ்அப் குரூப்தான் பேக்கரி.

பாரமும் அதுலயேதான் இருக்கு. ஸ்னாப்சாட் ஆப்புல ஸ்ட்ரீக்னு ஒண்ணு, ரெண்டு பேர் விடாம படம் அனுப்பிக்கற நாள் கணக்கு. அது அறுபடாம இருக்கணும்னா 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டு பேரும் படம் அனுப்பியாகணும். பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் விட முடியாது. 2014ல வாட்ஸ்அப்புல, மெசேஜைப் படிச்சாச்சுன்னு காட்டற நீல டிக் வந்துச்சு. படிச்சுட்டும் பதில் போடலைன்னா அடுத்த நாள் கிளாஸ்ல முகம் கொடுக்கறதில்லை. அதை ஆஃப் பண்ணி வைக்கலாம்னு சொல்லிக் கொடுத்தேன். "ஆஃப் பண்ணா எதையோ மறைக்கறேன்னு நினைப்பாங்க சித்தி"ங்கறா. எனக்கு மனசே ஆறலை.

முழுப்பரீட்சை லீவுல அவளையும் கூட்டாளிகளையும் கொடிவேரி அணைக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க. உங்க வீட்டுப் பொண்ணுகளை அனுப்பறதா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.