57 ஆண்டுகள் கழித்து எழுதிய சரித்திரம்

கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சீதக்காதியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய கல் பள்ளிவாசலைக் கடந்து செல்லும்போதெல்லாம் 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அந்த வள்ளலைப் பாடிய படிக்காசுப் புலவர் அன்றாடம் எப்படி வாழ்ந்தார், யாரோடு பேசினார், எதற்காக வருந்தினார் என்று கேட்டால், கையில் இருப்பவை சில தனிப்பாடல்களும் அவற்றைச் சுற்றி வளர்ந்த கதைகளும்தான். அந்தத் தனிப்பாடல்களைத் திரட்டி நூலாக்கும் வேலைக்கு 19ஆம் நூற்றாண்டில் துணை நின்றவர் எங்கள் இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர். அதனால் பாட்டுகள் பிழைத்தன. பாடியவர்களின் வாழ்க்கை பிழைக்கவில்லை.

இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் உ.வே. சாமிநாதையர் செய்த இன்னொரு வேலையின் அருமை தெரியும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தவர், 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியவர் என்றே அவரை எல்லோரும் அறிவார்கள். தமிழில் புலவர் வரலாறு எழுதியவர்களில் முதலிடத்தில் வைக்க வேண்டியவரும் அவரே என்பது என் துணிபு. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை அவர் இரண்டு பாகங்களாக எழுதினார். முதற்பாகம் வெளிவந்தது 1933இல். பிள்ளை மறைந்தது 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள். இடையில் 57 ஆண்டுகள். மாணவராகச் சேர்ந்தபோது பதினாறு வயதைக் கடந்திருந்தவர், அந்த நூல் வெளிவந்தபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை காலத்துக்குப் பின் எழுதியும் அந்த நூலில் பிள்ளை வெறும் புகழுருவமாக நிற்கவில்லை. மாயூரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னே வைக்கும் செய்யுள்) வேண்டிப் பிள்ளையிடம் வந்தார். அதில் இலக்கண வழுக்கள் இருப்பதாகக் கருதிய பிள்ளை இசையாமல் நாளைத் தள்ளிக்கொண்டே போனார். பாரதியார் சலிக்காமல் மீண்டும் மீண்டும் வந்தார். ஒரு நாள் பிள்ளை பகலில் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் திண்ணையில் அமர்ந்து தம் பாட்டைத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளே விழித்துக்கொண்டு கேட்ட பிள்ளை மனம் உருகி, பாயிரம் தந்தார். பிள்ளையின் பிடிவாதம், அது இளகிய விதம், பாரதியாரின் பொறுமை ஆகிய மூன்றையும் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார் மாணவர். தாம் அந்தப் பாரதியாரிடம் சங்கீதம் கற்றதும், அது பிள்ளைக்குப் பிடிக்காததால் நிறுத்திவிட்டதும்கூட அவர் ஒளிக்காத செய்திகளே. பிற்காலத்தில் பாரதியாரின் சரித்திரத்தையும் அவரே எழுதினார். ஆசிரியருக்கு உவப்பில்லாததால் விட்ட கல்வியின் ஆசானுக்கு இப்படி ஒரு கைம்மாறு செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைவாணர்களின் வாழ்க்கையையும் எழுதினார். 1880இல் தமக்குக் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைக்கக் காரணமாக இருந்த தியாகராச செட்டியாரைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். சென்னையில் தாம் வாழ்ந்த வீட்டுக்கும் 'தியாகராச விலாசம்' என்று அவர் பெயரையே இட்டார். தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கியது கடைசியில்தான். 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது. 1942 ஏப்ரலில் அவர் திருக்கழுக்குன்றத்தில் காலமானபோது அது முற்றுப்பெறாமலே நின்றது.

இதையெல்லாம் நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா நூற்றுக்கணக்கில் வெண்பா எழுதியவர். எதையும் அச்சில் ஏற்றவில்லை. அவர் மறைந்தபின் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய நோட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது பரணில் இரண்டு பஞ்சாங்கங்களும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடும் மட்டும் கிடந்தன. அன்றிலிருந்து அவரிடம் படித்தவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொல்வதை எழுதிவருகிறேன். ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதை ஏற்பது என்று தடுமாறும்போது பிள்ளையின் சரித்திரத்தைத்தான் திறக்கிறேன். கடிதம் கிடைத்த இடத்தில் கடிதத்தையும், செய்யுள் கிடைத்த இடத்தில் அது பிறந்த சந்தர்ப்பத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார் ஐயரவர்கள். யார் எந்த இடத்தில் எதற்காகச் சொன்னது என்பது தெரிந்தால்தான் ஒரு செய்திக்கு வேர் உண்டாகிறது என்பதை அங்கேதான் கற்றேன்.

போன மாதம் தொண்டியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். இளமையில் ஐயாவிடம் படித்துவிட்டுப் பின் கடல் தொழிலுக்குப் போனவர். வெண்பா ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லை. "வாடை வீசுனா பள்ளிக்கூடத்துக்குள்ள மணல் வந்து கொட்டும் தம்பி. ஐயா புத்தகத்தை மூடி நெஞ்சோட அணைச்சுக்குவாரு. கம்பராமாயணத்தைப் பார்க்காமலே சொல்லுவாரு. காத்து நின்ன பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாரு" என்றார். வலை முடைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, ஐயா புத்தகத்தை அணைத்த விதத்தையும் செய்து காட்டினார். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே, நாளும் இடமும் குறித்து எழுதி வைத்திருக்கிறேன்.