ஃபார்மட் போடாமல் மீட்ட கணினி

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கணினியை லினக்ஸ் இயக்க முறைமைகளில் ஒன்றான டெபியனின் 11ஆம் பதிப்பிலிருந்து 12ஆம் பதிப்புக்கு மேம்படுத்திக்கொண்டிருந்தேன். வேலை பாதியைத் தாண்டியிருந்த நேரத்தில், கோடை மழைக்கு முன்னால் வீசும் காற்றில் மின்சாரம் போய்விட்டது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அதன் இணைப்பு விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. கணினிக்குத் தனியாக ஒரு யூபிஎஸ் உண்டு. அதற்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும் என்பது தெரிந்திருந்தும், ஐந்து ஆண்டுகளாக அதை மாற்றாமல் வைத்திருந்தேன். யூபிஎஸ் இரண்டு முறை கத்தியது; மூன்றாவது முறை கத்துவதற்குள் திரை இருண்டது.

அந்தக் கணினியை என்னைவிட அதிகமாகப் பயன்படுத்துபவர் என் தந்தை. மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் குளங்கள், வாய்க்கால்கள், வயல்கள் ஆகியவற்றின் பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் பெரியவர்கள் சொன்ன காரணத்தையும் இருபது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்துவருகிறார். மின்சாரம் திரும்பி வந்தபின் கணினி எழவில்லை என்றதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எழுதினதெல்லாம் போயிடுச்சாப்பா?" போகவில்லை என்று உடனே சொன்னேன். அப்படிச் சொல்ல அப்போது என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் எழாத கணினியும் அழிந்துபோன தரவும் ஒன்றல்ல என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். இந்தப் பதிவை எழுதுவதும் அதைச் சொல்வதற்காகத்தான்.

முதலில் திரையில் என்ன வந்தது என்று பார்ப்போம். கணினியை எழுப்பும் நிரலான குரூப்பின் பட்டியல் வழக்கம்போல் தோன்றியது. அதில், இயக்க முறைமையின் மையக்கருவான கெர்னலின் புதிய 6.1 பதிப்பு முதல் வரியில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் வேகமாக ஓடி, 'கெர்னல் பேனிக்' என்ற சொல்லோடும், வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, 'அன்னோன் பிளாக் 0,0' என்ற குறிப்போடும் நின்றன. பார்ப்பதற்கு வன்தட்டே செத்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த வரி சொல்வது வேறு. டெபியனின் கெர்னலுக்குள் வன்தட்டைப் பேசவைக்கும் இயக்கிகளும், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்கும் திறனும் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருப்பதில்லை; அவை தனிக் கூறுகளாக, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பு முறைமைக்குள் வைக்கப்பட்டிருக்கும். கெர்னல் முதலில் அதை நினைவகத்தில் விரித்து, அதிலிருந்து இயக்கிகளை எடுத்துக்கொண்ட பிறகே வன்தட்டைப் பார்க்கும். எங்கள் கணினியில் புதிய கெர்னலின் கோப்பு வந்து சேர்ந்திருந்தது, குரூப்பும் அதைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டுவிட்டது. ஆனால் அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் உருவாவதற்கு முன்பே மின்சாரம் போயிருந்தது. பூட்டு வீட்டில் இருக்கிறது, சாவி இன்னும் செய்யப்படவில்லை என்ற நிலைதான் அது.

குரூப்பின் கூடுதல் தேர்வுகளுக்குள் பழைய 5.10 கெர்னலும் இருந்தது. மேம்படுத்தலின்போது பழைய கெர்னல் உடனே நீக்கப்படுவதில்லை என்பது டெபியனைப் பயன்படுத்துவோருக்குப் பலமுறை கைகொடுத்த ஏற்பாடு. அதைத் தேர்ந்தெடுத்தபோது கணினி இன்னும் சற்றுத் தூரம் போனது. ஏதோ ஒரு சாதனத்துக்காக 90 விநாடிகள் காத்திருந்தது. பின்பு அவசர நிலைக்குச் சென்று, முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கான ரூட் பூட்டப்பட்டிருப்பதால் முனையத்தைத் திறக்க இயலாது என்று அறிவித்துவிட்டது. டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால், அந்தக் கணக்கு பூட்டப்பட்டு, முதல் பயனருக்கு, நிர்வாக வேலைகளைத் தன் கடவுச்சொல்லாலேயே செய்யும் சூடோ உரிமை வழங்கப்படும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது நல்ல முறை. அவசர நிலையிலோ அதுவே கதவை அடைத்துவிடுகிறது.

மறுநாள் காலை, நகரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தேன். "சார், ஃபார்மட் போட்டுப் புது ஓஎஸ் ஏத்திடலாம். டாக்குமெண்ட்ஸ், போட்டோஸ் எல்லாம் முதல்லயே எடுத்துக் குடுத்துடுறோம்" என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு நாளில் பத்துக் கணினிகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் அதுவே விரைவான வழி. ஆனால் ஒரு வீட்டுக் கணினியின் உயிர் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் மட்டும் இருப்பதில்லை. தண்டர்பேர்டின் அஞ்சல்கள், ஃபயர்ஃபாக்ஸ் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்கள் ஆகியவையெல்லாம் பயனரின் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு, கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகளில் இருக்கின்றன. என் தந்தையின் குறிப்புகளுக்கோ இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் யூனிகோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. முதல் சில ஆண்டுகளின் கோப்புகள் எல்லாம் யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கியின் எழுத்துருவில் உள்ளவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். அந்த எழுத்துருவும் அப்படி மறைந்திருக்கும் ஒரு கோப்புறையில்தான் இருந்தது. கடைக்காரர் நல்ல மனத்தோடு ஆவணங்களை எடுத்துக் கொடுத்திருப்பார். அவற்றைப் படிக்கும் கண் மட்டும் அழிந்திருக்கும்.

ஆகவே கணினியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, என் மகளின் மடிக்கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடக்கூடிய டெபியனின் லைவ் பதிப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினேன். எஃப்12 விசையை அழுத்திப் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பியதும் நான் செய்த முதல் வேலை பழுதுபார்ப்பது அல்ல, வன்தட்டின் உடல்நிலையைக் கேட்டறிவது. வன்தட்டு தன்னைப் பற்றித் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் இரண்டு எண்களை மட்டும் தேடினால் ஓரளவு தெளிவு கிடைத்துவிடும்: 5ஆம் எண்ணில் உள்ள மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், 197ஆம் எண்ணில் உள்ள, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். இரண்டிலும் சுழியம் இருந்தது. அவற்றில் எண்ணிக்கை கூடியிருந்தால், மீட்பு வேலையையே தொடங்காமல் முழு வட்டையும் நகலெடுப்பதோடு நின்றிருப்பேன். நோயுற்ற வட்டில் பழுதுபார்ப்பதற்காக எழுதும் ஒவ்வொன்றும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

அடுத்தது நகல். டெபியன் நிறுவப்பட்டிருந்த வட்டுப் பகுதியான வேர்ப் பகிர்வைப் படிக்க மட்டும் என்ற முறையில் ஏற்றி, வீட்டுக் கோப்புறை முழுவதையும், மறைந்தவை உட்பட, ஆர்சிங்க் கட்டளையால் வெளி வன்தட்டுக்கு அனுப்பினேன். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, படிக்க மட்டும் ஏற்றினாலும், செய்யவிருந்த மாற்றங்களைக் குறித்துவைத்து, மின்தடையில் முடிவடையாமல் நின்ற தன் குறிப்பேட்டை முதலில் முடித்துக்கொள்ளும். அதற்காக வட்டில் எழுதவும் செய்யும். வட்டு நலமாக இருந்ததால் அதை அனுமதித்தேன். ஏறத்தாழ 180 ஜிபி. சிறு சிறு புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் என் தந்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஓடிய கோப்புப் பெயர்களில் தம்முடையவை வரும்போதெல்லாம், 'பெரியகுளம்', 'நாட்டார் வாய்க்கால்' என்று வாய்விட்டுப் படித்தார். கடைசிக் கோப்பு முடிந்ததும் எழுந்து போய்க் காப்பி குடித்தார். என் பதற்றமும் அப்போதுதான் அடங்கியது. இனி நான் எந்தத் தவறு செய்தாலும் இழப்பது நேரம் மட்டுமே.

எந்தெந்த வட்டுகளை ஏற்ற வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பார்த்தபோது, முந்தைய இரவு பழைய கெர்னல் ஏன் அவசர நிலைக்குப் போனது என்பது தெரிந்தது. எப்போதும் செருகியே இருக்கும் ஒரு வெளி வட்டுக்கு அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். மின்தடைக்குப் பின், முன்னெச்சரிக்கையாக எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் பிடுங்கியவனும் நானே. இல்லாத வட்டுக்காகத்தான் கணினி 90 விநாடிகள் காத்திருந்தது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், வட்டு இல்லாவிட்டாலும் கணினி மேலே போயிருக்கும். பகிர்வை எழுதக்கூடியதாக மீண்டும் ஏற்றி, அந்தச் சொல்லைச் சேர்த்தேன்.

பிறகு சீரூட். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த வசதி இது. பென்டிரைவிலிருந்து ஓடும் ஆரோக்கியமான கெர்னலின் மேல் நின்றுகொண்டு, நம் வன்தட்டில் உள்ள அமைப்பையே வேராகக் கொண்டு வேலை செய்ய இது வழிவகுக்கிறது. அதற்கு முன், சாதனங்களையும் செயல்களையும் காட்டும் டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு கோப்புறைகளையும் உள்ளே பிணைத்துவிட வேண்டும். இதை மறந்தால், பின்னால் குரூப் வன்தட்டைக் காணவில்லை என்று சொல்லும்.

உள்ளே நுழைந்ததும், மென்பொருள் பொதிகளை நிறுவும் நிரலான டிபிகேஜியிடம், முடிவடையாத பொதிகள் எவை என்று தணிக்கை கேட்டேன். இந்த இடத்தில்தான் டெபியனின் மேல் எனக்குள்ள மதிப்பு பல மடங்கு கூடியது. ஒவ்வொரு பொதியும் நிறுவப்படும்போது எந்தப் படியில் இருக்கிறது என்பதை டிபிகேஜி தன் பேரேட்டில் எழுதிக்கொண்டே போகிறது: பாதி நிறுவப்பட்டது, பிரிக்கப்பட்டது, பாதி அமைக்கப்பட்டது, முழுதாக நிறுவப்பட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த என் தந்தைக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. "வரவு எழுதினதுக்கு அப்புறம்தான் பணத்தைப் பெட்டியில போடணும்" என்றார். அந்தப் பேரேடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் 187 பொதிகளின் எதிரே 'பிரிக்கப்பட்டது' என்றும், இரண்டின் எதிரே 'பாதி அமைக்கப்பட்டது' என்றும் இருந்தது. பேரேடே சிதைந்துபோயிருந்தால்கூட, வார் கோப்புறைக்குள் இருக்கும் பேக்கப்ஸ் என்ற இடத்தில் அதன் முந்தைய நாள்களின் நகல்கள் இருக்கும்.

பாதியில் நிற்பவை அனைத்தையும் அமைத்து முடிக்குமாறு கட்டளையிட்டேன். வேலை மளமளவென்று நடந்து, ஒன்றை ஒன்று சார்ந்திருக்கும் பொதிகளில் வந்து முட்டியது. 50 பிழைகள் சேர்ந்ததும் டிபிகேஜி தானாக நின்றுவிட்டது. அந்த எண்ணிக்கை அதன் இயல்பான வரம்பு என்பதை அறியாதவர்கள் அந்த இடத்தில் மனம் தளர்ந்துவிடக்கூடும். பொதிகளை இறக்கி டிபிகேஜியிடம் கொடுக்கும் நிரலான ஆப்டிடம், உடைந்த சார்புகளைச் சரிசெய்யச் சொன்னதும், அது விடுபட்ட பொதிகளைச் சரியான வரிசையில் பிரித்துவைத்தது. ஆப்ட் எல்லாப் பொதிகளையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்ட பிறகே நிறுவத் தொடங்கும் என்பதால், இணைய இணைப்புகூடத் தேவைப்படவில்லை. ஞாயிறு மதியம் இறக்கியவை அப்படியே இருந்தன. மீண்டும் அமைக்கச் சொன்னபோது எஞ்சியவையும் முடிந்தன. நடுவே ஒரு அமைவுக் கோப்பைப் பற்றி, உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்டது. நான் கைப்பட மாற்றிய கோப்பு அது என்பதால் பழையதையே வைத்துக்கொண்டேன்.

கடைசியாக, இரண்டு கெர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கச் சொன்னேன். பூட் கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது, 6.1க்கு எதிரே அதுவரை இல்லாத அந்தக் கோப்பு இருந்தது. குரூப் பட்டியலைப் புதுப்பித்து, பிணைத்தவற்றை அவிழ்த்து, பென்டிரைவைப் பிடுங்கிக் கணினியை மறுதொடக்கம் செய்தேன். ஒரு நிமிடத்துக்குள் உள்நுழைவுத் திரை வந்தது.

டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகள் மேம்படுத்தலை இரண்டு கட்டங்களாகச் செய்யச் சொல்கின்றன: முதலில் புதிய பொதிகள் எதையும் சேர்க்காத குறைந்தபட்ச மேம்படுத்தல், அதன் பிறகு முழு மேம்படுத்தல். தரவை முன்கூட்டியே நகலெடுக்கவும், நடப்பதையெல்லாம் ஒரு கோப்பில் பதிவுசெய்துகொள்ளவும் சொல்கின்றன. அவற்றைப் படித்திருந்தும், நேரம் மிச்சமாகும் என்று எண்ணி ஒரே மூச்சில் செய்தேன். படிப்படியாகச் செய்திருந்தாலும் மின்சாரம் போயிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் வெளி வட்டில் ஒரு நகல் இருந்திருக்கும், என் தந்தையும் ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்திருக்க வேண்டாம்.

அந்த வாரமே யூபிஎஸ்ஸின் பேட்டரியை மாற்றினேன். மின்பணியாளரை அழைத்து, கணினி மேசைக்கு அருகில் உள்ள பிளக்குக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுக்கச் செய்தேன். அவர் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, என் தந்தை 2004ஆம் ஆண்டின் திஸ்கிக் கோப்பு ஒன்றைத் திறந்து, எழுத்துகள் தமிழாகவே தெரிவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து அதை யூனிகோடில் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார்.