ஹேஸ்மேட் பேக்கேஜ்னு ஒண்ணு கிடையாது தம்பி

ஹட்டன் பக்கம் நம்ம பொடியன்கள் கொஞ்ச பேர் என்கிட்ட ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. அண்ணே, கனடா போய் லொரி ஓட்டலாமாம், அமெரிக்கா வரைக்கும் போகலாமாம், ஹேஸ்மேட் (ஆபத்தான சாமான் ஏத்துற அனுமதி), ட்விக் (அமெரிக்க துறைமுகத்துக்குள்ள போற கார்டு) எல்லாத்தையும் இங்கயே எடுத்துத் தரோம்னு ஒரு ஏஜென்சில சொல்றாங்க, காசு கட்டலாமான்னு. நான் வேற என்னத்த சொல்ல, என் சித்தப்பா மகன் கனடா பிரம்ப்டன்ல இருந்து ட்ரெய்லர் ஓட்டுறான், அவன்கிட்ட போன்ல துருவித் துருவிக் கேட்டதையும் நானா தேடிப் படிச்சதையும் வெச்சு எழுதுறேன்.

முதல்ல லைசன்ஸ். இங்க நம்ம கார்டுல சி1, சி, சிஈன்னு இருக்கும், ட்ரெய்லர் இழுக்கணும்னா சிஈ. ஒன்டாரியோல அதுக்கு ஏஇசட்னு சொல்றாங்க, அதுல இசட்ங்கிறது ஏர் பிரேக்குக்கு. 2017 ஜூலைல இருந்து அங்க ஏ கிளாஸ் டெஸ்டுக்குப் போகணும்னா குறைஞ்சது 103.5 மணித்தியாலம் ட்ரெயினிங் கட்டாயம். ரம்பொடை வளைவுல மிஸ்ட்டுக்குள்ள மரக்கறி லொரிய தம்புள்ளைக்கு இறக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தாலும் அந்த கிளாஸ்ல உக்காந்துதான் ஆகணும். சரி, அது பரவால்ல, ஓட்டுறது நம்மாளுக்கு எப்பவும் பிரச்சினை இல்ல.

பிரச்சினை வர்றது அதுக்கப்புறம்தான். அமெரிக்காவுல சிடிஎல்னு சொல்ற லைசன்ஸ்ல எழுத்து எழுத்தா எண்டோர்ஸ்மெண்ட், அதாவது கூடுதல் அனுமதி, போடுவாங்க. என் (N)னா டேங்கர், டி (T)ன்னா ரெண்டு மூணு ட்ரெய்லர் சேர்த்து இழுக்கிறது, பி (P)ன்னா பயணிகள், ஹெச் (H)னா ஆபத்தான சாமான், அதத்தான் ஹேஸ்மேட்னு சொல்றாங்க. ஹெச் எழுத்தும் என் எழுத்தும் சேர்ந்தா எக்ஸ் (X). கொலன்னாவையில இருந்து நம்ம ஊர் ஷெட்டுக்கு பெட்ரோல் கொண்டு வர்ற பவுசர் இருக்குல்ல, அத அங்க ஓட்டணும்னா இந்த எக்ஸ் வேணும். எல்லா சாமானுக்கும் ஹெச் தேவையில்ல, லொரியோட நாலு பக்கமும் அந்த வைர வடிவ போர்ட் மாட்ட வேண்டிய லோடுக்குத்தான். சில வகைக்கு 454 கிலோவோ அதுக்கு மேலயோ வந்தாத்தான் போர்ட், வெடிமருந்துல மோசமான வகைக்கு துளி இருந்தாலும் போர்ட்.

இந்த ஹெச்சுக்கு தனியா ரோட் டெஸ்ட் இல்ல, எழுத்துப் பரீட்சைதான், புதுசா எடுக்கிறவங்களுக்கு 2022 பெப்ரவரில இருந்து அதுக்கு முன்னாடி ஒரு தியரி ட்ரெயினிங்கும் வெச்சிருக்காங்க. ஆனா பரீட்சை பாஸ் பண்ணிட்டா கைக்கு வந்துடாது, டிஎஸ்ஏன்னு ஏர்போட்ல பேக் செக் பண்றாங்களே அதே ஆளுங்க உங்க கைரேகைய எடுத்து பழைய கதையெல்லாம் தோண்டுவாங்க. 2001 செப்டம்பருக்கு அப்புறம் போட்ட சட்டத்தால வந்தது இது. தேசத்துரோகம், பயங்கரவாதம், கொலை மாதிரி குற்றம் நிரூபணமாயிருந்தா ஆயுசுக்கும் கிடையாது, வேற சில குற்றத்துக்கு தீர்ப்பு வந்து ஏழு வருசம், உள்ள இருந்து வெளிய வந்து அஞ்சு வருசம்னு கணக்கு. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா திரும்ப கைரேகை.

ட்விக் வேற விசயம், ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பி விக்கிறாங்க. அது லைசன்ஸே இல்ல, 2002ல வந்த கடல்சார் பாதுகாப்புச் சட்டத்துல பொறந்த ஒரு கார்டு. கொழும்பு ஹார்பருக்குள்ள லொரி போக பாஸ் கேப்பாங்கல்ல, அது மாதிரி, ஆனா அமெரிக்கா பூரா உள்ள துறைமுகத்துக்கு ஒரே கார்டு. அது இல்லாட்டி பாதுகாப்பு பகுதிக்குள்ள கூட ஒருத்தர் துணைக்கு வரணும், தனியா விடமாட்டாங்க. ட்விக்க வெச்சுக்கிட்டு அமெரிக்க டிரைவர் பெட்ரோல் ஏத்த முடியாது, அதுக்கு ஹெச்தான் வேணும்.

கனடா லைசன்ஸ்ல ஓடுறவங்களுக்கு அந்த ஹெச்சுக்குப் பதிலா வேற ரெண்டு பேப்பர் இருக்கு. ஆபத்தான சாமான் ஏத்துறதுக்கு டிடிஜின்னு ஒரு சர்டிபிகேட், அத வேலை குடுக்கிற கம்பெனிதான் ட்ரெயினிங் குடுத்து எழுதித் தரும், ரோட்டுக்குன்னா 36 மாசம் செல்லும், கம்பெனி மாறினா புது கம்பெனிகிட்ட திரும்ப வாங்கணும். இன்னொண்ணு ஃபாஸ்ட் கார்டு. ஆபத்தான சாமானோட அமெரிக்கா போர்டர் தாண்டுற கனடா டிரைவர் பின்னணி சோதனைக்கு ஃபாஸ்ட் இல்லன்னா ட்விக் காட்டணும். ஃபாஸ்டுக்கு கனடா சிட்டிசனாவோ பிஆராவோ (நிரந்தரமா தங்க அனுமதி உள்ளவர்) இருக்கணும், நேர்ல இன்டர்வியூ. நீங்க இங்க லயத்துல உக்காந்துக்கிட்டு அத எப்படி எடுப்பீங்க? பிஆரே கிடைச்சாலும் இலங்கை பாஸ்போட்டோட போர்டர் தாண்டுறதுக்கு அமெரிக்க விசா தனியா எடுக்கணும், அத எந்த ஏஜென்சியும் வாயத் தொறந்து சொல்றதில்ல.

இதுல நம்ம மலையக ஆளுங்களுக்கு மட்டும் ஒரு விசேச தலைவலி. பேர். தோட்ட ஆபீஸ்ல யாரோ காதுல விழுந்தபடி எழுதுன பொறப்புச் சான்றிதழ்ல ஒரு ஸ்பெல்லிங், ஐடில ஒண்ணு, பாஸ்போட்ல அப்பா பேரு முன்னாடி வந்து வேற ஒண்ணு. நம்மள்ல பல குடும்பத்துக்கு குடியுரிமையே 1948ல பறிபோய், 2003 சட்டம் வரைக்கும் இழுத்து இழுத்துத்தான் திரும்ப வந்தது, அதனால பழைய காகிதத்துல தாத்தா பேரு கூட ரெண்டு மூணு விதமா கிடக்கும். இங்க ஜீஎஸ் (கிராம சேவகர்) ஒரு கடிதம் குடுத்தா சமாளிச்சிடலாம். ஆனா கைரேகை, பேரு, பொறந்த தேதின்னு கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பாக்குற இடத்துல ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் அப்படியே நிக்கும், என் தம்பியோடது மாசக்கணக்கா நின்னுச்சு, காரணம் கதிர்வேலுக்கு நடுவுல ஒரு ஹெச் இருந்ததும் இல்லாததும். அவன் ஒரு குத்தமும் பண்ணல, போலீஸ் ரிப்போர்ட் சுத்தமா இருந்துச்சு.

அதனால காசு இருந்தா ஏஜென்சிக்குக் கட்டாம முதல்ல டிஎஸ் ஆபீஸ் (பிரதேச செயலகம்) ரெஜிஸ்ட்ரார்கிட்ட போய் பொறப்புச் சான்றிதழ்ல பேர திருத்துங்க, அப்புறம் ஐடி, அப்புறம் பாஸ்போட், இந்த வரிசையிலதான், மாத்திப் பண்ணினா திரும்ப அலையணும். ஹெவி லைசன்ஸ் நாலு வருசத்துல முடியிறது, அதையும் காலாவதி ஆக விடாதீங்க, ஓட்டின அனுபவத்த காட்ட அதுதான் உதவும். வேலை செஞ்ச இடத்துல சர்வீஸ் லெட்டர் கேட்டு வாங்கி வைங்க, நம்ம லொரி முதலாளிமாருக்கு அத எழுதுறதுன்னா பெரிய சோம்பல். அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கான்னு வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல 1989க்கு கோல் எடுத்து கேளுங்க.