வாய்ஸ்மெயில் பெட்டி திறந்தாயிற்று, செய்திதான் வந்து சேரவில்லை

அலுவலகத் தொலைபேசி அமைப்பில் ஒரு வாய்ஸ்மெயில் பெட்டியைத் திறப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்தப் பெட்டியில் வாடிக்கையாளர் விட்டுச் சென்ற செய்தி, அதைக் கேட்க வேண்டியவர் காதுக்கு மறுநாள் காலைக்குள் போய்ச் சேர வைப்பதுதான் எங்களை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. எங்கள் நிறுவனத்தைப் போலவே பழைய இபிஏபிஎக்ஸை (அலுவலக உள்தொலைபேசி இணைப்பகத்தை) மாற்றிவிட்டு, கணினியில் ஓடும் தொலைபேசி நிரல்களான ஆஸ்டரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் வகை அமைப்புக்குப் போக நினைப்பவர்கள், விற்பவர் சொல்லாமல் விடும் விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோவையில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் விற்கும் நிறுவனம் எங்களுடையது. அங்கே நிர்வாகப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆலைகள் மூன்று ஷிஃப்ட் ஓடுகின்றன. ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் டேப் அறுந்தாலும், காட்ஸ் தேய்ந்து நூல் கெட்டாலும், அதைக் கண்டுபிடிக்கும் ஃபிட்டர் நள்ளிரவில்தான் எங்களை அழைக்கிறார். அந்நேரத்தில் எடுக்க ஆளில்லை என்பதற்காகவே வாய்ஸ்மெயில் வேண்டும் என்று முடிவு செய்தோம். எக்ஸ்டென்ஷன் எண் (ஒவ்வொரு மேசைப் போனுக்குமான உள் எண்), பெயர், பின் என்ற இரகசிய எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் கொடுத்துப் பெட்டிகளை உருவாக்கும் கட்டம் ஒரே பிற்பகலில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

முதல் வாரமே பெட்டிகள் நிரம்பி வழிந்தன. மகிழ்ச்சியோடு கேட்கத் தொடங்கினால், ஃபிட்டர் இரண்டு வாக்கியம் பேசி வைத்துவிட்ட பிறகு, ரிசீவரைச் சரியாக வைக்காத போனில் கேட்குமே, அந்த எங்கேஜ்டு டோன் மட்டும் நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. பல செய்திகளில் பேச்சே இல்லை, முழுவதும் டோன்தான். ஆஸ்டரிஸ்க்கில் ஒரு பெட்டிக்கு 100 செய்தி என்பது இயல்பான வரம்பு. அது நிறைந்துவிட்டால் அடுத்து அழைப்பவரிடம் பெட்டியில் இடமில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடும். திங்கட்கிழமை காலை ஓர் ஆலையின் பராமரிப்பு மேலாளர், "ஏனுங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா கூப்பிட்டோம், உங்க மிஷினு இடமில்லைன்னு வெச்சிருச்சுங்க" என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது.

அமைப்பை நிறுவிக் கொடுத்தவரைக் கேட்டால், "அது உங்க லைன் ப்ராப்ளம் மேடம், எங்க சிஸ்டத்துல ஒண்ணுமில்லைங்க" என்றார். லைன் கொடுத்த அலுவலகத்துக்கு நேரில் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் புகார்ப் படிவத்தைக் கையில் வாங்கக்கூட மறுத்து, "டயல் டோன் வருதா? வந்தா லைன் சரிதான், உங்க இன்ஸ்ட்ருமென்ட்டைப் பாருங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். இவர் அவரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, நடுவில் எங்கள் பெட்டிகள் தொடர்ந்து நிரம்பிக்கொண்டிருந்தன.

காரணம் உண்மையில் எளியது. எங்களுடையவை செம்புக்கம்பி வழியாக வரும் சாதாரண லேண்ட்லைன்கள். அழைத்தவர் போனை வைத்துவிட்டார் என்பதை அத்தகைய லைன் தெளிவான சமிக்ஞையாகச் சொல்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் எங்கேஜ்டு டோனை அனுப்பும், அதைக் கேட்டு அமைப்புதான் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் அந்த டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, 750 மில்லிவிநாடி ஒலித்து 750 மில்லிவிநாடி நிற்கும். எங்கள் அமைப்பிலோ அரை விநாடி ஒலி, அரை விநாடி இடைவெளி என்ற அமெரிக்க வகை அப்படியே விடப்பட்டிருந்தது. அதனால் அழைப்பு முடிந்ததே அமைப்புக்குத் தெரியவில்லை. அமைதி நிலவினால் பதிவை நிறுத்து என்ற ஏற்பாடும் உதவவில்லை. டோன் என்பது அமைதி இல்லையே. போதாக்குறைக்கு ஒரு செய்தி அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்பும் போடப்படவில்லை, ஆகவே ஒவ்வொரு வெற்றுப் பதிவும் ஒரு லைனை அடைத்துக்கொண்டு நின்றது.

வேறொரு தொழில்நுட்பரை, நெட்வொர்க் வேலையில் நல்ல பழக்கமுள்ள ஓர் இளைஞரை, அழைத்து வந்த பிறகு இது ஒரு மணி நேரத்தில் சரியானது. டோன் கண்டறிவதை இயக்கி, வகையை 750, 750 என மாற்றி, நான்கு முறை ஒலித்தால் துண்டி என்று வைத்தார். அந்த எண்ணிக்கையை அதற்கும் கீழே இறக்கிவிட வேண்டாம் என்பது அவர் சொன்ன எச்சரிக்கை. மிகவும் குறைத்தால் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுபடும். செய்தி நீளத்துக்கு 180 விநாடி என்று வரம்பு வைத்தோம். வெற்றுச் செய்திகளைக் கழிக்கக் குறைந்தபட்ச நீளம் வைப்பவர்கள், அமைதிக்காகக் காத்திருக்கும் விநாடிகளைவிட அந்த எண் அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் யாரும் பேசாத பதிவும் தகுதி பெற்று உள்ளே வந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மின்னஞ்சலில் ஒளிந்திருந்தது. முதலில் வந்தவர், செய்தியை ஒலிக்கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அனுப்பியதும் பெட்டியிலிருந்து அழித்துவிடும்படி அமைத்திருந்தார். இடம் மிச்சமாகும் என்பது அவர் விளக்கம். ஒரு கட்டத்தில் மின்னஞ்சல் வருவது நின்றுபோனது. பெட்டிகளும் காலியாக இருந்தன. புதுச் செய்தி வந்திருப்பதைக் காட்டும் விளக்கும் போனில் எரியவில்லை. யாரும் அழைக்கவில்லை போலும் என்றுதான் விற்பனைப் பிரிவினர் எண்ணினார்கள். அமைப்பின் அழைப்புப் பதிவேட்டை நான் எடுத்துப் பார்த்தபோதோ, இரவில் அழைப்புகள் வந்து, வாய்ஸ்மெயிலுக்குப் போய், ஒரு நிமிடம் வரை பேசப்பட்டிருப்பதும் பதிவாகியிருந்தது. பேசியது எங்கே போயிற்று?

அந்த இளைஞர் சர்வரில் மின்னஞ்சல் வரிசையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது: "மேடம், மெயில் போகலைங்க. ஆனா தொலையவும் இல்லைங்க, வரிசையில நிக்குதுங்க." அனுப்பும் கணக்கு ஒரு ஜிமெயில் கணக்கு. வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து வெளி நிரல்கள் உள்ளே நுழைவதைத் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் நிறுத்தப்போவதாக கூகுள் முன்பே அறிவித்திருந்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லை உருவாக்கி, அதைத்தான் அமைப்பில் கொடுக்க வேண்டும். எங்கள் சர்வரில் பழைய கடவுச்சொல்லே கிடந்தது. ஆஸ்டரிஸ்க்கைப் பொறுத்தவரை, செய்தியைச் சர்வரின் அஞ்சல் நிரலிடம் ஒப்படைத்ததோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது; அது உண்மையில் வெளியே போனதா என்று பார்க்காமலே பெட்டியிலிருந்து அழித்துவிடுகிறது. நல்லவேளையாக அஞ்சல் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ், அனுப்ப முடியாத மடலை இயல்பாக ஐந்து நாள் வரை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். புதிய கடவுச்சொல்லைப் போட்டு வரிசையைத் தள்ளிவிட்டதும், மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. "ஏனுங்க, நாலாம் நம்பர் ஃபிரேமுக்கு ஏப்ரன் வேணுங்க, காலைல பஸ்ல போட்டு விடுங்க" என்று பின்னணியில் இயந்திர இரைச்சலோடு ஒரு ஃபிட்டரின் குரல் ஒலித்தபோது விற்பனைப் பிரிவில் எல்லோரும் எழுந்து வந்து நின்று கேட்டார்கள். அன்று மாலைக்குள் அந்த ஆலைகள் எல்லாவற்றுக்கும் நாங்களே அழைத்துப் பேசி, பாதிக்கு மேற்பட்ட ஆர்டர்களை மீட்டோம். ஐந்து நாளைத் தாண்டியவை திரும்பக் கிடைக்கவில்லை.

எனவே இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: மின்னஞ்சலில் அனுப்பிய பின் அழித்துவிடும் ஏற்பாட்டை யார் பரிந்துரைத்தாலும் ஏற்காதீர்கள். இடப் பற்றாக்குறை என்பது பொருந்தாத காரணம். சுருக்கப்படாத ஒலிக்கோப்பே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்தான் வருகிறது. ஜிஎஸ்எம் முறையில் சுருக்கினால் அதில் பத்தில் ஒரு பங்குதான். சுருக்கிய கோப்பு சில கைபேசிகளில் ஒலிக்காது என்பதால், வெளியூர் சுற்றும் விற்பனையாளர்களுக்காக நாங்கள் சுருக்காத வடிவத்தையே வைத்துக்கொண்டோம்.

அதே மடல்களில் இன்னொரு கோளாறும் தெரிந்தது. இரவு 11 மணிக்கு வந்த செய்தி மாலை 5.30க்கு வந்ததாக எழுதியிருந்தது. சர்வரின் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என மாற்றப்படாமல் உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்ததுதான் காரணம். பார்க்கச் சிறிய பிழை. ஆனால் அலுவலக நேரத்தில் வந்த அழைப்பை ஏன் எடுக்கவில்லை என்று ரிசப்ஷனில் இருந்த பெண் காரணமில்லாமல் ஏச்சு வாங்கியிருந்தாள். பெட்டிக்கென்று தனியாகவும் ஒரு நேர மண்டல அமைப்பு உண்டு, இரண்டையும் சரிபாருங்கள்.

எக்ஸ்டென்ஷனில் எடுக்கவில்லை என்றால் கைபேசிக்குப் போ, அங்கும் எடுக்கவில்லை என்றால் வாய்ஸ்மெயிலுக்கு வா என்ற வரிசையைப் பலரும் விரும்புவார்கள். கைபேசிக்கான அழைப்பு சாதாரண லேண்ட்லைன் வழியாக வெளியே போகும்வரை இது வேலை செய்யாது. எண்ணை டயல் செய்த மாத்திரத்தில் எதிர்முனை எடுத்துவிட்டதாகவே அமைப்பு எண்ணிக்கொள்ளும். வாடிக்கையாளர் வெறும் ரிங்கையோ, தொடர்பு எல்லைக்கு அப்பால் என்ற அறிவிப்பையோ கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பெட்டிக்கு எதுவும் வராது. இதற்காக ஒரு சிப் டிரங்க் இணைப்பு, அதாவது எதிர்முனை உண்மையில் எடுத்ததைத் தெரிவிக்கும் இணையவழித் தொலைபேசி இணைப்பு, வாங்கி, கைபேசிக்குப் போகும் அழைப்புகளை மட்டும் அதன் வழியே அனுப்புகிறோம். எடுத்தவர் 1 என்ற எண்ணை அழுத்தினால்தான் அழைப்பு அவரைச் சேரும் என்ற உறுதிப்படுத்தலையும் இயக்கினோம்.

அறிவிப்புக் குரல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமைப்போடு வரும் ஆங்கிலப் பெண்குரலைக் கேட்டதும் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பேசாமல் வைத்துவிட்டார்கள். "வணக்கமுங்க, உங்க மில் பேரு, மிஷின், வேணுங்கற பாகம், உங்க நம்பர், இதை மட்டும் சொல்லுங்க, காலைல எட்டரைக்குக் கூப்பிடுறோம்" என்று எங்கள் மூத்த விற்பனையாளர் தம் குரலிலேயே பதிந்த பிறகுதான் அவர்கள் பேசத் தொடங்கினார்கள், கேட்ட வரிசையிலேயே சொன்னார்கள். போனிலிருந்தே நட்சத்திரக் குறி 97 அழுத்திப் பெட்டிக்குள் போய், 0 அழுத்தினால் பதிவு மெனு வரும். அதில் 1 ஆளில்லாதபோது ஒலிப்பது, 2 வேறு அழைப்பில் இருக்கும்போது ஒலிப்பது. இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். முதலாவதை மட்டும் பதிந்தால் பரபரப்பான பகல் நேரத்தில் பழைய ஆங்கிலக் குரலே திரும்ப வரும். 4 என்பது தற்காலிக அறிவிப்பு. அது மற்ற இரண்டையும் மறைத்துவிடும், நீங்களே அழிக்கும்வரை தானாகப் போகாது. பொங்கல் விடுமுறைக்காகப் பதிந்தது மாசி மாதம்வரை ஒலித்த பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது.

விற்பனைப் பிரிவுக்கு ஒரே பொதுப்பெட்டி வைத்து, மூன்று மேசைகளிலும் விளக்கு எரியும்படி செய்திருக்கிறோம். ஒருவர் கேட்டுவிட்டால் செய்தி பழையவை என்ற அடுக்குக்குப் போய், மூன்று விளக்கும் அணைந்துவிடும். மற்ற இருவரும் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்வார்கள். எனவே காலையில் கேட்பவர் ஒருவர்தான். அவர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, 8 அழுத்தி உரியவர் பெட்டிக்கு அனுப்பிவிட வேண்டும்.

கடைசியாக, பின் எண். எக்ஸ்டென்ஷன் எண்ணையே பின்னாகக் கொடுத்துவிட்டுப் போனவர், அதை மாற்றச் சொல்லவே இல்லை. பிரிட்டனில் நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் என்ற ஞாயிறு வார ஏட்டினர் பிறருடைய வாய்ஸ்மெயிலை ஒட்டுக்கேட்க, மாற்றப்படாத இயல்புப் பின் எண்கள்தாம் பெரிதும் வழிவிட்டன. அந்த விவகாரத்தில் அந்த ஏடு 2011 ஜூலையில் மூடப்பட்டது. அலுவலகத்துக்கு ஆபத்து ஒட்டுக்கேட்பதோடு நிற்பதில்லை. பெட்டிக்குள்ளிருந்து வெளி எண்ணை அழைக்கும் வசதி திறந்திருந்தால், நுழைந்தவர் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசலாம். அந்த வசதியை மூடிவிட்டு, எல்லோரையும் ஆறு இலக்கப் பின்னுக்கு மாற்றினோம்.

வேலையை விட்டுப் போனவரின் பெட்டியையும் அன்றே கவனிக்க வேண்டும். எங்களிடமிருந்து விலகிய ஒருவரின் பெட்டியில் அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரி அப்படியே இருந்ததால், வாடிக்கையாளர் செய்திகள் தொடர்ந்து அவருக்கே போய்க்கொண்டிருந்தன. அவர் நல்ல மனிதர், தாமே அழைத்துச் சொன்னார். இப்போது விடுவிப்புக் கடிதத்தில் நான் கையெழுத்திடுவதற்கு முன், அவருடைய பின், அறிவிப்புக் குரல், மின்னஞ்சல் முகவரி, கைபேசித் திருப்பம் நான்கும் மாற்றப்பட்டுவிட்டதாகத் தொழில்நுட்பரின் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல்லும் நிறுவிக் கொடுத்தவரிடமிருந்து எழுத்து மூலம் வாங்கப்பட்டு எங்கள் அலமாரியில் இருக்கிறது.